சம்பந்தி வீட்டு டிராக்டரும் நாற்பத்தொரு கருவிகளும்

செப்டம்பர் 12, வெள்ளி

காலை ஒன்பதரைக்குக் காட்டுவலசிலிருந்து சம்பந்தி சென்னியப்பன் போன் செய்தார். மகள் மேகலாவின் மாமனார். அவர் போனில் பேசுவது காட்டின் இந்த மூலையில் நின்று அந்த மூலையில் இருக்கும் ஆளைக் கூப்பிடுவது போல இருக்கும். ஸ்பீக்கர் போடாமலே சமையலறையில் இருந்த என் மனைவி சாந்தாமணிக்கு எல்லாம் கேட்டுவிட்டது.

"ஏனுங் சம்பந்தி, டிராக்டரு அரை மணி நேரம் ஓடுனா கொதிக்குதுங்க. முன்னாடி தண்ணி ஒழுகுது. வாட்டர் பம்பு போயிருச்சுன்னு லோகு சொல்றான். நம்மூரு மெக்கானிக்கு தானா வந்து நின்னான். எங்க சம்பந்தி டிப்போவுல முப்பத்தோரு வருசம் பஸ்ஸையே பிரிச்சு மாட்டுனவரு, அவரு வந்து பாத்துக்குவாருன்னு சொல்லி அனுப்பிப்போட்டேன். எப்ப வாரீங்க?"

லோகு என்பது லோகநாதன், எங்கள் மருமகன்.

"வந்துடறேனுங்க" என்றேன். "ஆனா டூல்ஸ் வாங்கணுமுங்க. டிப்போவுல இருந்ததெல்லாம் அரசாங்கச் சொத்து. ரிட்டயர்டு ஆகையில ஒரு ஸ்க்ரூ டிரைவர்கூட நான் எடுத்துட்டு வரலீங்க."

இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. போனை வைத்ததும் சாந்தாமணி கரண்டியோடு வந்து நின்றாள்.

"ஏனுங்க, டூல்ஸ் வாங்கிட்டா மட்டும் அதை வெச்சு என்ன பண்ணுவீங்க?"

 நான் டிப்போவில் இருந்தது ஸ்டோரில். கருவி அறையின் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் மெக்கானிக்குகள். அவர்கள் தங்கள் எண் போட்ட பித்தளை வில்லையைக் கொடுப்பார்கள், நான் கருவியைக் கொடுப்பேன். மாலையில் கருவி வரும், வில்லை போகும். மெக்கானிக் என்று நான் எவரிடமும் சொன்னதில்லை. பெண் பார்க்க வந்த அன்று தரகர்தான் சொன்னார். சம்பந்தியின் முகம் அப்படி மலர்ந்தது. மறுக்கலாம் என்று வாயைத் திறந்த நேரத்தில் காப்பி வந்துவிட்டது. குடித்து முடித்தபோது பேச்சு மண்டபத்துக்குப் போயிருந்தது.

கல்யாணம் முடிந்து ஒன்றரை வருடம் ஆகிறது. இப்போது போய் உண்மையைச் சொன்னால் எனக்கு ஒன்றும் இல்லை. 'பொய் சொல்லிக் கட்டிக் கொடுத்தவன் மகள்' என்று புகுந்த வீட்டில் மேகலாவின் மேல் ஒரு சொல் விழும். அதற்கு மட்டும் நான் இடம் கொடுக்க மாட்டேன்.

செப்டம்பர் 13, சனி

பட்டியல் போட்டேன். ரிங் ஸ்பேனர் ஒரு செட், ஓப்பன் ஸ்பேனர் ஒரு செட், சாக்கெட், கட்டிங் பிளேயர், சுத்தியல் இரண்டு, அரம், உளி என்று நாற்பது உருப்படி வந்தது. வீட்டு வேலைக்கும் ஆகும், டிராக்டருக்கும் ஆகும்.

மேசையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போய் வந்தால் அடியில் சாந்தாமணியின் கையெழுத்தில் நாற்பத்தொன்றாவது உருப்படி இருக்கிறது. 'இதையெல்லாம் திருப்பத் தெரிந்த ஆள் - 1.'

செப்டம்பர் 15, திங்கள்

எங்கள் ஊர் தாராபுரத்திலேயே ஒரு ஹார்டுவேர் கடைக்குப் போனேன். கடைக்காரர் நூற்றெட்டு உருப்படி கொண்ட பெட்டி ஒன்றைத் திறந்து காட்டினார். கல்யாண நகைப் பெட்டி மாதிரி மின்னியது. ஸ்பேனர் ஒன்றை எடுத்தேன். பெயர் இரும்பில் பதிந்திருக்கவில்லை, ஸ்டிக்கராக ஒட்டியிருந்தது. தன் பெயரையே இரும்பில் பதிக்கத் துணியாதவன் செய்த ஸ்பேனரை நான் நம்புவதில்லை. சாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தேன். உள்ளே பன்னிரண்டு முனை. அது நல்ல போல்ட்டுக்குச் சரி. ஏற்கெனவே தலை தேய்ந்த பழைய போல்ட்டை ஆறு முனை சாக்கெட்தான் முழுசாகக் கவ்வும்.

கட்டிங் பிளேயரை மூடி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தேன். பல்லுக்கு நடுவே வெளிச்சம் தெரிந்தது. "இதுல கம்பி நிக்காதுங்க" என்றேன். சுத்தியலின் கைப்பிடியில் மர ரேகை நீளவாக்கில் ஓடாமல் குறுக்கே போயிருந்தது. ஓங்கி நாலு அடி அடித்தால் தலை ஒரு பக்கம், பிடி ஒரு பக்கம். வாயைக் கூட்டிக் குறைக்கும் ஸ்க்ரூ ஸ்பேனரைக் காதருகே வைத்து ஆட்டினேன். கிலுகிலுப்பை மாதிரி சத்தம் வந்தது.

கடைக்காரர் பெட்டியை மூடிவிட்டு எழுந்து நின்றார். "மெக்கானிக் ஐயா, இத்தனை வருசத்துல இப்படிப் பாத்த ஆளு நீங்கதான்" என்று டீ வாங்கிக் கொடுத்தார். குடித்தேன்.

எனக்கு எந்தத் திரவத்தைக் கொடுத்தாலும் உண்மை தொண்டையிலேயே நின்றுவிடுகிறது.

செப்டம்பர் 16, செவ்வாய்

சமையலறைக் குழாய் சொட்டுகிறது. ரேஷனில் பாமாயில் வரவில்லை.

செப்டம்பர் 18, வியாழன்

முதல் பஸ்ஸுக்குக் கோவை போனேன். மூன்று கடை ஏறி இறங்கினேன். நாலாவது கடையில் இருந்த பெரியவருக்கு ஸ்பேனரைப் பற்றிப் பேச ஆள் கிடைக்காமல் தவித்திருக்க வேண்டும். மினுமினுப்பானது வேண்டாம் என்றதும் உள்ளே போய், மங்கலான சாம்பல் நிறத்தில் ஒரு செட் எடுத்து வந்தார். ஒரு போல்ட்டை என் கையில் கொடுத்து, மாட்டிப் பாருங்கள் என்றார். மாட்டினேன். ஆட்டம் இல்லை. எடுக்கும்போது லேசாக ஒட்டிக்கொண்டு வந்தது.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது, எழுதுவதற்கென்ன. முப்பத்தொரு வருடம் மற்றவர் கைக்கு எடுத்துக் கொடுத்ததை முதல் முறையாக என் கைக்கே கொடுத்துக்கொண்டேன். பதிலுக்கு யாரும் வில்லை தரவில்லை. அது என்னவோ கொஞ்சம் கூச்சமாகக்கூட இருந்தது.

நாற்பதும் கிடைத்தது. சாந்தாமணி பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "மேகலாவுக்குச் சீர் கொடுத்தப்பகூட நீங்க இத்தனை கடை ஏறலீங்க" என்றாள்.

செப்டம்பர் 19, வெள்ளி

மேகலா போன் செய்தாள்.

"அப்பா, மாமாகிட்டச் சொல்லிடுங்கப்பா."

"என்னத்தை அம்மிணி?"

"என்னத்தைன்னு உங்களுக்குத் தெரியும்."

"டிராக்டர் எத்தனாவது வருசத்து மாடல்னு மாமாகிட்டக் கேட்டு வை" என்றேன்.

 எண்பத்தேழு என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். குரல் ஒரு மாதிரி இருந்தது. அங்கே சளி பிடிக்கிற காலம்.

செப்டம்பர் 21, ஞாயிறு

இன்று குழாயைக் கையில் எடுத்தேன். டிராக்டருக்குப் போவதற்கு முன்னால் கை பழகட்டும் என்றுதான். பொருத்தமான ஸ்பேனரைப் பார்த்தவுடனே எடுத்தேன், அதில் என்னை யாரும் குறை சொல்ல முடியாது. மாட்டித் திருப்பினேன். மூடி கழன்று வந்தது. அதன் பின்னாலேயே மேல்தொட்டித் தண்ணீர் முழுவதும் வந்தது.

சாந்தாமணி முழங்கால் தண்ணீரில் நடக்கிற மாதிரி சேலையைத் தூக்கிக்கொண்டு நிதானமாகப் பின்கட்டுக்குப் போய் வால்வை மூடினாள். திரும்பி வந்து, கழன்ற மூடியை என் கையிலிருந்து வாங்கி, தேய்ந்த வாஷரைக் காய் நறுக்கும் கத்தியால் நெம்பி எடுத்து, புதியதைப் போட்டு மாட்டினாள். முழுசாகப் பத்து நிமிடம் ஆகவில்லை.

"இத்தனை நாளா ஏன் நீ பண்ணலை?" என்றேன்.

"ஊட்டுல மெக்கானிக்கு இருக்காரேன்னு விட்டு வெச்சேனுங்க."

செப்டம்பர் 24, புதன்

சம்பந்தி போன். ஊரில் உழவுக்கு எல்லாரும் தயாராகிவிட்டார்களாம். ஒரு மழை விழுந்தால் சோளம் விதைத்துவிடலாம். அவருடையது ஆறு ஏக்கரும் வானம் பார்த்த பூமி. மழை பெய்து நாலு நாளுக்குள் ஈரத்தில் விதை விழ வேண்டும். தவறினால் அந்த வருடம் மாட்டுக்குத் தீவனத் தட்டு இல்லை.

"பம்பை நானே வாங்கி வெச்சுட்டேனுங்க. லோகு சந்தையில வாங்குன ஸ்பேனரைப் போட்டுக் கழட்டப் பாத்தான். பதிமூணு போட்டா ஆடுதுங்க, பன்னெண்டு போட்டா ஏறவே மாட்டேங்குது. ஒரு போல்ட்டு தலை வழுக்கிப்போச்சு."

எனக்குச் சுருக்கென்றது. எண்பத்தேழாம் வருடத்து வண்டி. அதில் இருப்பது மில்லிமீட்டர் போல்ட் இல்லை, இஞ்ச் அளவு. பன்னிரண்டுக்கும் பதிமூன்றுக்கும் நடுவில் நிற்பது அரை இஞ்ச். நான் வாங்கி வைத்திருக்கும் அத்தனை ஸ்பேனரும் மில்லிமீட்டர்.

"அதை யாரும் தொட வேண்டாமுங்க. இஞ்ச் செட் வாங்கணும்" என்றேன்.

"பாத்தியா" என்று சம்பந்தி யாரிடமோ சொன்னார். "போன்லயே கண்டுபுடிச்சுட்டாரு."

சாந்தாமணியிடம் மறுபடி கோவை போக வேண்டும் என்றேன். "போய்ட்டு வாங்க. அது முடிஞ்சா சென்டிமீட்டர் இருக்குது, மைல் இருக்குது" என்றாள்.

செப்டம்பர் 26, வெள்ளி

இஞ்ச் செட் வந்துவிட்டது. ஆறு முனை சாக்கெட்டும் கிடைத்தது. மில்லிமீட்டரை வீட்டுக்கு என்று வைத்துக்கொண்டேன். கூடத்துச் சுவரில் பலகை அடித்து, ஒவ்வொரு கருவியின் உருவத்தையும் பெயின்டில் வரைந்து மாட்டினேன். எது இல்லையோ அதன் நிழல் மட்டும் தெரியும். எங்கள் ஸ்டோரிலும் அப்படித்தான். பலகை அடிக்க ஆணி இறங்கவில்லை. சாந்தாமணி அடித்தாள்.

எதிர்வீட்டு டீச்சர் நவராத்திரிக்குக் கொலு பார்க்க அழைக்க வந்தவர், பலகையைப் பார்த்துவிட்டு, "உங்க வீட்டிலும் கொலு வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டார்.

"ஆமாங்க. இவரு தெனமும் பாட்டு மட்டுந்தான் பாடலை" என்றாள் சாந்தாமணி.

செப்டம்பர் 29, திங்கள்

மாலை நாலு மணிக்குப் பிடித்த மழை ஆறரைக்கு விட்டது. வாசலில் நின்று பார்த்தேன். தெற்கே காட்டுவலசுப் பக்கமும் கருப்பாக இருந்தது. நல்ல மழை. எல்லாரும் சந்தோஷப்படுகிற மழை. நான் மட்டும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

செப்டம்பர் 30, செவ்வாய்

சம்பந்தி நாலு முறை போன் செய்தார். நாலு முறையும் குளியலறையில் இருந்தேன்.

அக்டோபர் 1, புதன், ஆயுத பூஜை

அத்தனை கருவிக்கும் சந்தனம், குங்குமம் வைத்துப் பலகையில் அடுக்கிப் படைத்தோம். பொரிகடலை வாங்க மறந்துவிட்டு, மறுபடி போய் வாங்கி வந்தேன். கற்பூரம் காட்டுகிற நேரத்தில் சம்பந்தி போன்.

"சம்பந்தி, ஈரம் போயிட்டே இருக்குது. வாடகைக்கு ஒரு வண்டியும் சிக்கலை. இன்னைக்கே கெளம்பி வந்துருங்க."

"படைச்சுட்டேனுங்க" என்றேன்.

இதற்கு மேல் அவராலும் ஒன்றும் சொல்ல முடியாது. ஆயுத பூஜைக்குப் படைத்த கருவியை அன்றைக்கு எவனும் தொட மாட்டான். மறுநாள் எடுத்துத்தான் வேலை. அவரும் டிராக்டருக்கு மாலை போட்டு நிறுத்தியிருப்பதாகச் சொன்னார். "அப்பச் சரி, நாளைக்கு நல்ல நாளு. காலைல எடுத்துட்டு வந்துருங்க."

சாந்தாமணி கற்பூரத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "சாமியும் ஒரு நாளுதாங்க தள்ளிப் போடும்" என்றாள். சிரிக்காமல் சொன்னாள். அவளும் பயந்துதான் இருக்கிறாள் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

அக்டோபர் 2, வியாழன், காட்டுவலசு

இருவருமாக எட்டரை மணிக்கு வந்து இறங்கினோம். களத்தில் டிராக்டர் மாலையோடு நிற்கிறது. சம்பந்தி, லோகு, சம்பந்தியம்மா சுலோசனா, பக்கத்துத் தோட்டத்து மயில்சாமி, கட்டிலில் இரண்டு பெரியவர்கள். மேகலா கட்டுத்தறிப் பக்கம் நின்று என்னைப் பார்த்தாள். நான் டிராக்டரைப் பார்த்தேன்.

சந்தனப் பொட்டோடு கருவிகளைச் சாக்கில் வரிசையாக அடுக்கினேன். அடுக்கி முடித்ததும் எனக்கு ஒரு வழி தோன்றியது. "டிப்போவுல சீனியர் ஆளு கை வைக்கிற பழக்கம் இல்லீங்க. பக்கத்துல நின்னு சொல்லுவோம். சின்னவங்க கழட்டுவாங்க" என்றேன்.

"அதான முறை" என்றார் சம்பந்தி. லோகு சட்டையைக் கழற்றினார்.

நான் கண்ணை மூடிக்கொண்டு என் ஸ்டோர் ஜன்னலை நினைத்தேன். அன்றன்று எந்த வண்டிக்கு என்ன வேலை என்று யாரும் என்னிடம் சொன்னதில்லை. ஆனால் என்ன கேட்கிறார்கள், எந்த வரிசையில் கேட்கிறார்கள் என்பதை வைத்தே வண்டிக்கு என்ன நோய் என்று எனக்குத் தெரியும். வாட்டர் பம்பு வேலை என்றால் முதலில் பெல்ட்டைத் தளர்த்த ஒரு ரிங் ஸ்பேனர். அடுத்து ஃபேனைக் கழற்ற அரை இஞ்ச். பிறகு ரப்பர் குழாய் கிளிப்புக்கு ஸ்க்ரூ டிரைவர். பிறகு பம்பு போல்ட்டுக்கு மறுபடி அரை இஞ்ச். கடைசியாக, ஒட்டியிருக்கும் பழைய பேக்கிங்கைச் சுரண்டத் தகடு. முப்பத்தொரு வருடம் இதே வரிசைதான்.

ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன். லோகு ஒவ்வொன்றாகக் கழற்றினார். பெல்ட் வந்தது. ஃபேன் வந்தது. ஸ்க்ரூ டிரைவரைக் கொடுத்தேன். கிளிப்பைத் தளர்த்திக் குழாயை இழுத்தார். ரேடியேட்டர் தண்ணீர் முழுவதும் அவர் தலையில் கொட்டியது.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு ஒரு நிமிடம் புரியவில்லை. பிறகு புரிந்தது. வேலை தொடங்கும் முன் தண்ணீரை வடித்துவிட வேண்டும். ஆனால் அடியில் இருக்கும் அந்தத் திருகைக் கையாலேயே திறந்துவிடலாம், கருவி வேண்டாம். கருவி வேண்டாத வேலை எதுவும் என் ஜன்னலுக்கு வந்ததே இல்லை.

"நல்லவேளை, வண்டி சூடா இல்லை" என்றேன். வேறு என்ன சொல்வது.

"மருமகனுக்கு எண்ணெய் தேச்சு ஊத்தற தீவாளித் தண்ணி முன்னாடியே வந்துருச்சாட்ட இருக்குது" என்று சாந்தாமணி துண்டை நீட்டினாள். எல்லாரும் சிரித்ததில் அது கரைந்துபோனது.

தலை வழுக்கிய போல்ட் வந்தபோது எனக்குத் தயக்கமே இல்லை. மெக்கானிக்குகள் ரிங் ஸ்பேனரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, முகத்தைச் சுளித்துக்கொண்டு ஆறு முனை சாக்கெட்டும் சுத்தியலும் கேட்டு வருவார்கள். இரண்டையும் சேர்த்துக் கொடுத்தேன். சாக்கெட்டை வைத்து மேலே ஒரு தட்டுத் தட்டி இறக்கி லோகு திருப்பினார். டக்கென்று விட்டுக்கொடுத்தது. கட்டிலில் இருந்த பெரியவர் எழுந்து உட்கார்ந்தார்.

புதிய பம்பை மாட்டும்போது, "சக்கரம் மாட்டறாப்பல குறுக்கு மறுக்காத்தான முடுக்கணும்?" என்று சம்பந்தி கேட்டார். அதுவும் எனக்குத் தெரியாது. ஒரே ஸ்பேனரை வாங்கிப் போனவர்கள் எந்த போல்ட்டை முதலில் முடுக்கினார்கள் என்று நான் பார்த்ததில்லை. தலையை ஆட்டினேன்.

பன்னிரண்டு மணிக்கு வண்டி ஓடியது. ஒரு மணி நேரம் நிறுத்தாமல் ஓட்டிப் பார்த்தார்கள். கொதிக்கவில்லை, ஒழுகவில்லை. சம்பந்தி என் தோளில் கை போட்டு, அங்கிருந்தவர்கள் கேட்க, "ஒரு போல்ட்டைத் தொடலை. கண்ணாலேயே ரிப்பேர் பண்ணிப்போட்டாரு" என்றார்.

மாலைக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. இனி நான் எதுவும் மறைக்க வேண்டியதில்லை. நான் மெக்கானிக் ஆகிவிட்டேன். மேகலா மட்டும் சோறு போடும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. வேலை அதிகம் போலிருக்கிறது.

அக்டோபர் 3, வெள்ளி, காட்டுவலசு

ஆறு மணிக்கே லோகு விதைப்பை ஆரம்பித்துவிட்டார். ஈரம் சரியாக இருக்கிறது. களத்தில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தோம். மயில்சாமி தன் டிராக்டரை ஓட்டிக்கொண்டு வந்தார். பின்னால் டிரெய்லர். அதில் வெங்காய நடவுக்குப் போகும் பெண்கள் பன்னிரண்டு பேர், சோற்றுப் போசியோடு.

"நேத்துப் பாத்ததுலருந்து மனசே நிக்கலீங்க" என்றார் என்னிடம். "பிரேக்கு ஒரு பக்கமாவே இழுக்குது. பள்ளத்துல எறங்கறப்ப ஒரு பக்கம் புடிக்க மாட்டேங்குது. இவங்களை எறக்கி உட்டுட்டு வண்டியை இங்கயே கொண்டாந்து நிறுத்தறேன். லோகு வந்ததும் நீங்க பக்கத்துல நின்னு சொன்னாப் போதும்."

"அதென்ன பெரிய காரியம், சம்பந்தி பாத்துக்குவாரு" என்றார் சென்னியப்பன்.

பிரேக் வேலைக்கு என்னென்ன கருவி, எந்த வரிசை என்பது எனக்குத் தெரியும். தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஆனால் நேற்று லோகுவின் தலையில் கொட்டிய தண்ணீர் ஞாபகம் வந்தது. பிரேக்கில் கருவி வேண்டாத வேலை எத்தனை இருக்கும்? கையால் தடவிப் பார்ப்பது, கண்ணால் பார்ப்பது, காதால் கேட்பது. அதில் ஒன்று விட்டுப்போனால் கொட்டப் போவது தண்ணீர் இல்லை. டிரெய்லரில் ஒரு பெண் இன்னொருத்திக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள்.

கையில் காப்பி இருந்தது. கீழே வைத்தேன்.

"மயில்சாமி, நான் சொல்லி யாரும் அந்த பிரேக்குல கை வைக்கக் கூடாதுங்க. நான் மெக்கானிக் இல்லீங்க."

சம்பந்தி சிரித்தார். "தன்னடக்கத்தைப் பாரு."

"தன்னடக்கமெல்லாம் இல்லீங்க சம்பந்தி. நான் ஸ்டோர் கீப்பர். ஜன்னல்ல நின்னு டூல் எடுத்துக் குடுத்தவன். முப்பத்தோரு வருசத்துல ஒரு போல்ட்டு கழட்டுனதில்லை. போன மாசம் எங்கூட்டுக் கொழாயைக் கழட்டுனேன், ஊடு பூராத் தண்ணி. நேத்து வண்டியை ரிப்பேர் பண்ணுனது லோகுதானுங்க. தரகர் அன்னைக்குச் சொன்னப்பவே நான் மறுத்திருக்கணும். மறுக்கலை. தப்பு என்னோடது. அம்மிணிக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லீங்க. அவளை ஒண்ணும் சொல்லிப்போடாதீங்க."

சம்பந்தி துண்டை எடுத்து உதறி மறுபடி தோளில் போட்டார்.  கட்டுத்தறியில் எருமை வாலால் அடித்துக்கொள்வது கேட்டது. பேசியது சம்பந்தியம்மாதான்.

"அப்ப அம்மிணி சொன்னது நெசந்தானுங்களா?"

எனக்குப் புரியவில்லை.

"கல்யாணமாயி ரெண்டாவது வாரமே சொல்லுச்சுங்க. 'அத்தை, எங்கப்பா மெக்கானிக்கு இல்லீங்க, டூல் ரூம்ல இருந்தவரு'ன்னு. பெத்தவரைப் போயி இப்படிக் கொறச்சுப் பேசறயே, நல்லா இருக்குதான்னு நாந்தான் ஏசுனேன். மாமனார்கிட்டச் சொல்லுச்சு, அவரும் நம்பலை. போன மாசம் பம்பு போனப்பக்கூடச் சொல்லுச்சு. மறுபடியும் ஏசிப்போட்டேன்." அவர் மேகலாவின் பக்கம் திரும்பினார். "ஒண்ணரை வருசமா உன்னைப் பொய் சொல்றவள்னு நெனச்சுட்டேன் கண்ணு."

மேகலா அடுப்புக்கு எடுத்துப் போகும் விறகை மார்போடு வைத்துக்கொண்டு நின்றாள்.  சாந்தாமணியைப் பார்த்தேன். அவள் தென்னை மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு முன்னமே தெரியும்.

ஒன்றரை வருடமாக என் மகள் இந்த வீட்டில் உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். அத்தனை நாளும் நான் அவளைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன். இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

பெண்கள் இறங்கி நடந்தே வெங்காயக் காட்டுக்குப் போனார்கள். மயில்சாமி டிரெய்லரைக் கழற்றி விட்டார். "அந்த மெக்கானிக்கை நாந்தான் திருப்பி அனுப்புனேன். நானே போயிக் கூப்பிட்டாத்தான் வருவான்" என்று சம்பந்தி செருப்பை மாட்டிக்கொண்டு போனார். என்னைப் பார்க்காமல் போனார்.

மதியம் சம்பந்தியும் நானும் இலையில் எதிரெதிரே உட்கார்ந்தோம். சாம்பார் முடியும்வரை அவர் இலையையே பார்த்துச் சாப்பிட்டார். ரசம் ஊற்றும்போது, "சம்பந்தி, ஒண்ணு கேக்கட்டுங்களா" என்றார்.

"கேளுங்க."

"நம்மூட்டுக் கொழாயும் ஒரு மாசமாச் சொட்டுது. அதுக்கு எந்த ஸ்பேனரு?"

"எடுத்துத் தாரேனுங்க" என்றேன். "மொதல்ல வால்வை மூடிப்போடுங்க."

அவர் தோள் குலுங்கியது. சாந்தாமணிக்குப் புரை ஏறியது.

அக்டோபர் 4, சனி

ஆறு ஏக்கரும் விதைத்தாயிற்று. இஞ்ச் செட்டை லோகுவிடமே கொடுத்துவிட்டேன். துருப்பிடிக்காமல் எண்ணெய்த் துணியில் சுற்றி வைக்கச் சொன்னேன். அது ஒன்று மட்டும் எனக்கு நிச்சயமாகத் தெரிந்த விஷயம்.

பஸ் ஏற்றிவிட மேகலா வந்தாள். சாந்தாமணி முன்னால் நடந்தாள். எங்களுக்காகத்தான் வேகமாக நடந்தாள்.

"நான் உன் பேர் கெடக் கூடாதுன்னுதான் அம்மிணி..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியுமப்பா" என்றாள்.

கொஞ்ச தூரம் அப்படியே போனோம். ஈர மண்ணில் டிராக்டர் போன தடம் இரண்டு பக்கமும் இருந்தது. அவள் ஒரு தடத்தில் நடந்தாள், நான் ஒரு தடத்தில் நடந்தேன்.

"நேத்து சாயங்காலம் அத்தை கேட்டாங்க" என்றாள். "உங்கப்பா இன்னும் எதையாச்சும் மறச்சு வெச்சிருக்காரான்னு."

நடையை நிறுத்தினேன். "நீ என்ன சொன்னே?"

"இல்லைன்னேன்."

"அதுக்கு?"

"உடனே நம்பிட்டாங்கப்பா" என்றாள் மேகலா. சொல்லும்போது அவளுக்குக் கண் கலங்கிவிட்டது, சிரித்துக்கொண்டும் இருந்தாள்.